கல் பொறுக்காத அரிசி: ஈர்ப்பலைத் தரவு தரும் ஜி.டபிள்யூ.ஓ.எஸ்.சி. சேவை எப்படி?

2015 செப்டம்பர் 14, இந்திய நேரம் பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 நொடி. சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகக் கலந்ததில் கிளம்பிய ஈர்ப்பலை (வெளியையும் காலத்தையும் நெளியவைத்துப் பரவும் அலை), அமெரிக்காவில் லைகோ கருவிகள் நிற்கும் லிவிங்ஸ்டனையும் ஹான்ஃபோர்டையும் அடுத்தடுத்துக் கடந்துபோனது. நேரடியாகப் பதிவான முதல் ஈர்ப்பலை அதுதான். அந்த நொடியில் கருவி அளந்ததை இன்று எவரும் இறக்கிக்கொள்ளலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், கல்லூரி அடையாள அட்டை வேண்டாம், காசும் வேண்டாம். உரிமம் சி.சி. பை 4.0. எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னால் போதும். நன்றிக் குறிப்பின் வாசகத்தைக்கூட அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தருவது ஜி.டபிள்யூ.ஓ.எஸ்.சி. எனப்படும் ஈர்ப்பலைத் திறந்த அறிவியல் மையம். ஈர்ப்பலை தேடும் லைகோ (அமெரிக்கா), விர்கோ (இத்தாலி), காக்ரா (ஜப்பான்) ஆகிய மூன்று குழுக்களின் பொதுத் தரவுக் கிடங்கு இது. சரக்கு அசல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கல் பொறுக்காத அரிசி. எந்த இடத்தில் கல் இருக்கிறது என்ற சீட்டு மூட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்காமல் நேராக உலையில் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆகவே சேவையின் நல்லது கெட்டதைச் சொல்லும்போதே அந்தச் சீட்டை எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இருப்பு தாராளம். 2005-இல் தொடங்கிய எஸ்5, 2009-10இன் எஸ்6, பிறகு மேம்படுத்திய லைகோவின் ஓ1 (2015 செப்டம்பர் முதல் 2016 ஜனவரி), ஓ2 (2016 நவம்பர் முதல் 2017 ஆகஸ்ட்), ஓ3 (2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச், நடுவே அக்டோபர் மாதம் மட்டும் ஓய்வு), ஓ4-இன் முதல் பகுதி (2023 மே முதல் 2024 ஜனவரி) ஆகிய கண்காணிப்பு ஓட்டங்களின் தரவு முழுசாகக் கிடைக்கிறது. அதற்கு மேல், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு. அங்கே நிகழ்வைச் சுற்றிய 32 நொடிக் கோப்பு ஒன்று, 4096 நொடிக் கோப்பு ஒன்று.

எதை இறக்குவது என்பதில்தான் முதல் குழப்பம். ஒரே தரவு நொடிக்கு 16384 மாதிரியாகவும் (மாதிரி என்றால் இங்கே ஓர் அளவீடு) 4096 மாதிரியாகவும் வருகிறது. பெரியது என்றால் நல்லது என்று 16384-ஐ எடுத்தால் 4096 நொடிக்கு, சுருக்குவதற்கு முன், 537 எம்.பி.; சின்னது 134 எம்.பி. கருந்துளை ஜோடிகளுக்குச் சின்னதே தாராளம். ஆனால் ஒரு வரம்பு உண்டு. நொடிக்கு 4096 என்றால் 2048 ஹெர்ட்ஸ் வரை பயன்படும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அப்படி இல்லை. மாதிரிகளைக் குறைக்கும்போது போட்ட வடிகட்டி மேல்முனையைச் சாய்த்துவிடுவதால் சுமார் 1700 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பக்கூடாது. நியூட்ரான் விண்மீன்கள் மோதிய பிறகு என்ன ஆனது என்று தேடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த மேல்முனைதான். அவர்கள் பெரிய கோப்பையே எடுக்கவேண்டும். கீழ்முனையிலும் இதே கதை. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே தரவு அளவுத்திருத்தம் செய்யப்படவில்லை. எண்கள் இருக்கும், பொருள் இருக்காது.

கோப்பு வடிவங்களில் எச்.டி.எஃப்.5 எடுங்கள். குழுவினர் உள்ளே பயன்படுத்தும் ஃப்ரேம் வடிவமும் இருக்கிறது, அதற்குத் தனி நூலகம் நிறுவ வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பும் உண்டு. 32 நொடியின் 1,31,072 வரிகளை எக்செல் முனகிக்கொண்டே திறந்துவிடும். 4096 நொடி என்றால் 1 கோடியே 67 லட்சம் வரிகள், எக்செலின் கொள்ளளவு 10 லட்சத்துச் சொச்சம்தான்.

கோப்பின் பெயரையே முகவரி போலப் படிக்கலாம். நிலையத்தின் எழுத்து, மாதிரி வீதம், திருத்த எண், தொடங்கும் ஜி.பி.எஸ். நொடி, நீளம். முதல் நிகழ்வின் 32 நொடிக் கோப்பு 1126259447-இல் தொடங்குகிறது. நிகழ்வு 1126259462.4-இல். அதாவது கோப்பு தொடங்கி 15.4 நொடியில். இந்த இடத்தில் புதியவர்கள் வழுக்கி விழும் குழி ஒன்று இருக்கிறது. ஜி.பி.எஸ். கடிகாரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கி லீப் நொடி எதையும் சேர்க்காமல் ஓடுகிறது. உலகப் பொதுநேரம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் இரண்டுக்கும் இடைவெளி 17 நொடி. 2017 ஜனவரியிலிருந்து 18. பைத்தானின் சாதாரணத் தேதிக் கழித்தலில் லீப் நொடி கணக்கில் வராது. 09:50:45 என்ற பொதுநேரத்தை அப்படி மாற்றினால் கிடைக்கும் நொடி, கோப்பு தொடங்குவதற்கே முன்னால் போய் நிற்கும். நிரல் பிழை காட்டாது, வரைபடமும் வரும், அலை மட்டும் இருக்காது. நேரம் மாற்ற ஜி.டபிள்யூ.பை என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் சார்பையோ தளத்திலேயே உள்ள மாற்றியையோ பயன்படுத்துங்கள். நிகழ்வின் பெயரைக் கொடுத்தால் ஜி.பி.எஸ். நொடியைத் திருப்பித் தரும் சின்ன நூலகமும் உண்டு. அதற்கும் பெயர் ஜி.டபிள்யூ.ஓ.எஸ்.சி.தான்.

ஜி.டபிள்யூ.பை இந்தக் கிடங்கின் டெலிவரி பையன் மாதிரி. நிலையம், தொடக்கம், முடிவு மூன்றையும் 'ஃபெட்ச் ஓப்பன் டேட்டா' என்ற ஒற்றைக் கட்டளைக்குக் கொடுத்தால் தரவைக் கொண்டுவந்து கொட்டிவிடும். வசதிதான். ஆனால் நீங்கள் 32 நொடி கேட்டாலும் அது 4096 நொடிக் கோப்பு முழுவதையும் இறக்கக்கூடும். இயல்புநிலையில் அதைச் சேமித்தும் வைக்காது. நோட்புக்கில் அந்த நிரல் கட்டத்தை இன்னொரு முறை ஓட்டினால் இன்னொரு முறை நூற்றுச் சொச்சம் எம்.பி. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவருக்கு அன்றைய டேட்டா அத்தோடு சரி. கட்டளையில் 'கேஷ்' என்பதை 'ட்ரூ' ஆக்குவதுதான் நிறுவியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை. உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கொலாபில் ஓட்டினால் உங்கள் டேட்டா செலவாகாது, பழைய மடிக்கணினியே போதும். நூலகங்களை நிறுவிய கையோடு ரன்டைமை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய நம்பை (பைத்தானின் எண்கணித நூலகம்) பதிப்பு நினைவிலேயே உட்கார்ந்துகொண்டு புரியாத பிழைச் செய்திகளைக் கொட்டும்.

தரவைப் பிரித்து முதல் வரைபடம் போட்டதும் எல்லாருக்கும் ஏமாற்றம். 10⁻¹⁹, 10⁻¹⁸ அளவில் (கருவியின் கை தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டு சுருங்குகிறது என்ற விகிதம் இது) பெரிய மெதுவான அலைச்சல்தான் தெரியும். தேடி வந்த அலையின் உச்சம் 10⁻²¹. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் பந்தலில் கொசுவின் ரீங்காரத்தைத் தேடுவது போல. தரவில் பழுது இல்லை, தரை அதிர்வு முதலான தாழ் அதிர்வெண் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்துதான் உண்மையான வேலை.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் இரைச்சல் நிறமாலையை முதலில் எடுங்கள். 32 நொடியை 4 நொடித் துண்டுகளாக, 2 நொடி மேற்பொருந்தும்படி வெட்டினால் 15 துண்டு கிடைக்கும். ஹான் சாளரம் போட்டு, சராசரி எடுக்காமல் இடைநிலை எடுக்கவேண்டும். ஒரு துண்டில் பலமான கிளிட்ச் (கருவியில் திடீரென்று எழுந்து அடங்கும் இரைச்சல்) விழுந்தால் சராசரி முழுவதும் ஏறிப்போகும், இடைநிலை அசையாது. வரும் படத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும், கருவியின் ஜாதகமே அதில் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுவர் மாதிரி எழும்புவது தரை அதிர்வும் கட்டுப்பாட்டு இரைச்சலும். 60, 120, 180 ஹெர்ட்ஸில் நிற்கும் ஊசிகள் அமெரிக்க மின்சாரம். இத்தாலியில் இருக்கும் விர்கோவில் அதே ஊசி 50-இல் நிற்கும். 500 ஹெர்ட்ஸ் பக்கம் புதர் போல அடர்ந்திருப்பது, 40 கிலோ கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருக்கும் சிலிக்கா இழைகள் வீணைத் தந்தி போல அதிர்வது. அதன் மடங்குகள் 1000-இலும் 1500-இலும் தெரியும். ஓ1 தரவில் 35-37 ஹெர்ட்ஸிலும் 331-332 ஹெர்ட்ஸிலும் உள்ள மெல்லிய கோடுகள், அளவுத்திருத்தத்துக்காகக் கண்ணாடியைத் தெரிந்தே ஆட்டுவதால் வருபவை. இவற்றுக்கு நடுவே 100 ஹெர்ட்ஸை ஒட்டி 10⁻²³ அளவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, நாம் பார்க்கப்போகும் எல்லாமே அந்தப் பள்ளத்தில்தான் நடக்கிறது.

அடுத்தது வெளுத்தல். ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அதனதன் இரைச்சலால் வகுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. பிறகு 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டி. இந்த இரண்டு படியில் என்னென்ன கெடும் என்பதற்குத் தனிப் பட்டியலே போடலாம். பலருக்கும் நேர்கிற மூன்றை மட்டும் பார்ப்போம்.

வரிசை மாறுவது ஒன்று. நிகழ்வைச் சுற்றி ஒரு நொடியை வெட்டி எடுத்துவிட்டு அதை வெளுக்கிறார்கள். அப்போது இரைச்சல் நிறமாலையே சிக்னலிலிருந்து கணிக்கப்படுகிறது. சிக்னல் தன்னைத்தானே வகுத்துத் தேய்த்துக்கொள்ளும். வடிகட்டியின் இரு ஓரங்களும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே விழுந்து மிச்சத்தையும் கெடுக்கும். முழு 32 நொடியை வெளுத்து, வடிகட்டி, கடைசியில் வெட்டவேண்டும். ஜி.டபிள்யூ.பையின் இயல்பு அமைப்பில் இரு முனையிலும் ஒவ்வொரு நொடி கெட்டுப்போகும். இரண்டு நொடியாக வெட்டித் தள்ளினால் கவலை இல்லை.

வடிகட்டியின் கட்டம் (ஃபேஸ்) இன்னொன்று. ஒரே திசையில் ஓடும் வடிகட்டி ஒவ்வொரு அதிர்வெண்ணையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும். லிவிங்ஸ்டனுக்கும் ஹான்ஃபோர்டுக்கும் இடையே இந்த அலை எடுத்துக்கொண்டது 6.9 மில்லிநொடி, இவ்வளவு சின்ன இடைவெளியைப் படத்திலிருந்து அளக்கப்போகிறீர்கள் என்றால் முன்னும் பின்னுமாக இருமுறை ஓடும் வடிகட்டிதான் வேண்டும். சைபை என்ற பைத்தான் நூலகத்தில் நேரடியாகச் செய்கிறவர்கள் இரண்டாம் படித் துண்டுகளாகப் பிரித்த வடிவத்தைக் கேளுங்கள். ஒரே பெரிய பல்லுறுப்புக்கோவையாக வாங்கினால் தாழ் அதிர்வெண் வெட்டில் எண்கணிதமே நிலைகுலைந்து வெடிக்கும்.

மூன்றாவது குழி கண்ணுக்கே தெரியாது. நினைவகம் மிச்சமாகட்டும் என்று 32 பிட் மிதவை எண்ணுக்கு மாற்றுகிறார்கள். நரம்பு வலையமைப்புப் பயிற்சிக்குத் தரவு தயாரிக்கிறவர்களிடம் இது அதிகம். 10⁻²³-ஐ வர்க்கப்படுத்தினால் 10⁻⁴⁶. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 1.4×10⁻⁴⁵. ஆகவே இரைச்சல் நிறமாலையின் நல்ல பகுதி முழுக்கப் பூஜ்யமாகும், பிறகு பூஜ்யத்தால் வகுத்தல், பிறகு எல்லாம் முடிவிலி. வெளுத்து முடிக்கும் வரை 64 பிட்டிலேயே இருங்கள். இல்லையென்றால் தரவை முதலில் ஒரு பெரிய எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள், ஈர்ப்பலை தேடும் பை-சி.பி.சி. மென்பொருள் உள்ளுக்குள் 2-இன் 69-ஆம் அடுக்கால் பெருக்கித்தான் வேலை செய்கிறது.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் ஹான்ஃபோர்டு தரவில் சுமார் 0.2 நொடிக்குள் 35-இலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறி அணையும் அலை கண்ணுக்கே தெரியும். லிவிங்ஸ்டன் தரவை 6.9 மில்லிநொடி தள்ளி, தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். தலைகீழ் எதற்கு என்றால், இரு கருவிகளின் கைகளும் தரையில் வேறு வேறு திசையில் நீட்டியிருக்கின்றன. ஒலியாக மாற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் ஹெட்போன் போடுங்கள்; மடிக்கணினியின் ஒலிபெருக்கிக்கு இந்தத் தாழ்குரல் எட்டாது.

இனி சீட்டு. எச்.டி.எஃப்.5 கோப்புக்குள் அலைத் தரவோடு 'குவாலிட்டி' என்று ஒரு பகுதி இருக்கிறது. நொடிக்கு ஓர் எண். அதன் ஏழு பிட்டுகள் தரம் பற்றியவை: தரவு இருக்கிறதா, பிறகு ஜோடி மோதல் தேடலுக்கு மூன்று படி, வெடிப்புத் தேடலுக்கு மூன்று படி. முதல் படியில் தேறாத நொடியில் கருவியே சரியான நிலையில் இல்லை, தொடவே கூடாது. இரண்டாம் படி, காரணம் தெரிந்த கோளாறு. மூன்றாவது, புள்ளிவிவரப்படி சந்தேகத்துக்குரியது. இங்கே 1 என்றால் 'தேறியது'. பிட் நின்றால் பிழை என்று பழகிய நிரலாளர்கள் இதைத் திருப்பிப் படித்துவிட்டு, நல்ல தரவைத் தூக்கி எறிந்து கெட்டதை வைத்துக்கொள்வது சகஜம்.

தனியே இன்னோர் எண்ணில் வரும் ஐந்து பிட்டுகள் ஊசி போட்டதை, அதாவது போலிச் சிக்னலை வேண்டுமென்றே புகுத்தியதைப் பற்றியவை. தேடும் முறை வேலை செய்கிறதா என்று சோதிக்க, கண்ணாடியைச் சிக்னல் மாதிரியே ஆட்டிப் பார்ப்பார்கள். இங்கும் 1 என்றால் 'ஊசி இல்லை'. எஸ்6 தரவில் 2010 செப்டம்பர் 16-இல் ஓர் அருமையான மோதல் சிக்னல் இருக்கிறது. குழுவுக்கே தெரியாமல் போட்ட போலி அது. பெருநாய் விண்மீன் குழுவின் பக்கமிருந்து வந்ததாகத் தோன்றியதால் 'பிக் டாக்' என்று பெயர் வைத்து, கட்டுரையே எழுதி முடித்து, 2011 மார்ச்சில் உறையைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. தரவு இன்றும் கிடங்கில் அப்படியே இருக்கிறது, சீட்டில் குறித்தும் இருக்கிறது. சீட்டைப் படிக்காமல் எஸ்6-இல் தேடினால் நோபல் பரிசு நிச்சயம் என்று ஒரு மாலைப்பொழுது முழுக்க நம்பலாம்.

கருவி ஓடாத நேரங்களைப் பூஜ்யத்தால் நிரப்பாமல் 'நேன்' என்ற எண்ணல்லாத குறியால் நிரப்பியிருப்பது நல்ல முடிவு. பூஜ்யம் என்றால் அமைதியான தரவு என்று நினைத்திருப்போம். ஆனால் ஒரேயொரு நேன் உள்ளே வந்தாலும் அந்தத் துண்டின் ஃபூரியர் மாற்றம் முழுவதும் நேன் ஆகும். 'படம் வெள்ளையாக வருகிறது' என்று யாராவது புலம்பினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். முன்சொன்ன ஜி.டபிள்யூ.ஓ.எஸ்.சி. நூலகத்தின் 'டைம்லைன்' பகுதியில் 'கெட் செக்மென்ட்ஸ்' என்று கேட்டால் நல்ல தரவு எங்கிருந்து எங்கு வரை என்று முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் அதைக் கேட்டுவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

சீட்டு சொல்லாத கல்லும் உண்டு. 2017 ஆகஸ்ட் 17-இன் நியூட்ரான் விண்மீன் மோதல் அதற்கு நல்ல பாடம். மோதலுக்கு 1.1 நொடி முன்பு லிவிங்ஸ்டன் கருவியில், கண்ணாடியின் நிலையைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றின் டிஜிட்டல்-அனலாக் மாற்றி 5 மில்லிநொடிக்கும் குறைவான நேரம் நிரம்பி வழிந்தது. அந்த ஒரு வெடிப்பு, சுமார் 100 நொடி நீண்ட அழகான சிக்னலின் குறுக்கே கோடாரி வெட்டு மாதிரி விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் சிக்னல் மிகப் பலமாக இருந்ததும் அதே கருவியில்தான். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் (எஸ்.என்.ஆர்.): லிவிங்ஸ்டன் 26.4, ஹான்ஃபோர்டு 18.8, விர்கோ வெறும் 2.0. இந்த நிகழ்வுக்குக் கிளிட்ச் உள்ள தரவு, அதை மாதிரியாக்கிக் கழித்த தரவு என்று இரண்டு பதிப்பும் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். பாராட்டவேண்டிய நேர்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்து கியூ-மாற்றப் படம் (எந்த நொடியில் எந்த அதிர்வெண் பலம் என்று வண்ணத்தில் காட்டுவது) போட்டுப் பாருங்கள். கியூ மதிப்பை 100-110 என்று கொடுக்கவேண்டும். கருந்துளை மோதலுக்கு ஏற்ற சிறிய மதிப்புகளில் விட்டால் இந்த நீண்ட மெல்லிய கோடு மங்கிப்போகும். வண்ண அளவுகோலின் மேல்வரம்பையும் 25 அளவில் நிறுத்துங்கள். தானாக விட்டால் கிளிட்ச் ஒன்றே மஞ்சளாக எரிய, மற்றதெல்லாம் கருநீலம்.

படம் தெரிவதும் கண்டுபிடிப்பதும் வேறு வேறு. தளத்தின் விரைவுப் பாடங்கள் இந்த வேறுபாட்டைப் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பதுதான் இந்தச் சேவைமீது உள்ள பெரிய குறை. கண்டுபிடிப்புக்கு மேட்ச்ட் ஃபில்டர் வேண்டும்: கோட்பாடு சொல்லும் மாதிரி அலையைத் தரவின்மேல் நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பது. பை-சி.பி.சி.யில் பாதை நேரானது. 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2048-க்குக் குறைத்து, முனைகளில் 2 நொடி தள்ளி, 4 நொடித் துண்டுகளில் நிறமாலை எடுத்து, மாதிரி அலையை உருவாக்கி, ஓட்டவேண்டும். மாதிரியின் மோதல் நொடியைத் தொடக்கத்துக்குச் சுழற்றி வைக்க மறந்தால் உச்சம் தவறான நேரத்தில் நிற்கும். ஓட்டிய பிறகும் முனைகளை வெட்டவேண்டும்; ஃபூரியர் வழியாகச் செய்வதால் தரவின் வால் தலையோடு ஒட்டிக்கொண்டு பொய்யான உச்சங்கள் தரும். முதல் நிகழ்வில் எஸ்.என்.ஆர். ஹான்ஃபோர்டில் 20, லிவிங்ஸ்டனில் 13, இரண்டும் சேர்ந்து 24 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் நிரல் சரி.

மாதிரி அலைக்குக் கருந்துளைகளின் நிறையை உள்ளிடும்போது இன்னொரு கவனம். தளத்தின் நிகழ்வுப் பட்டியலில் இருப்பது மூலத்தின் இடத்தில் அளந்தது போன்ற நிறை. அண்டம் விரிவதால் அலை நீண்டு வருகிறது. கருவிக்குத் தெரியும் நிறை அதைவிட அதிகம். இந்த நிகழ்வுக்குச் செம்பெயர்ச்சி 0.09, ஆகவே 36 சூரிய நிறை என்பதை 39 என்று கொடுக்கவேண்டும். பெரிய பிழை வராது, ஆனால் எஸ்.என்.ஆர். குறைவதற்குக் காரணம் தெரியாமல் தலையைச் சொறிய நேரும்.

இப்போது அந்த அழுத்திச் சொல்லாத விஷயம். ஏதோ ஒரு நாளின் தரவை எடுத்து, ஆயிரம் மாதிரி அலைகளை ஓட்டி, எஸ்.என்.ஆர். 8 என்று ஓர் உச்சம் வந்தால் அது ஈர்ப்பலை ஆகிவிடாது. 'பிளிப்' என்று பெயர் வைத்த கிளிட்ச் வகை கண் சிமிட்டும் நேரத்துக்குள் வந்து போகும், கனமான கருந்துளை மாதிரியோடு அச்சாகப் பொருந்தும். அதைப் பிரிக்க கை-வர்க்கச் சோதனை வேண்டும்: உண்மைச் சிக்னலின் ஆற்றல் மாதிரி சொன்னபடி அதிர்வெண்களில் பரவியிருக்கும், கிளிட்ச் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அதையும் தாண்டினால் இரண்டு நிலையத்திலும் 10 மில்லிநொடிப் பயண நேரத்தோடு கொஞ்சம் பிழைக்கு இடம் விட்ட சாளரத்துக்குள் வந்ததா என்று பார்க்கவேண்டும். அதன் பிறகும், தற்செயலாக இப்படி ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கவேண்டும். ஒரு நிலையத்தின் தரவைச் செயற்கையாகப் பல அளவில் தள்ளித் தள்ளித் தேடினால் வருவதெல்லாம் போலி ஒற்றுமைதான். அவற்றை எண்ணுவதே வழி. முதல் நிகழ்வுக்கு 16 நாள் தரவை இப்படித் தள்ளித் தள்ளித்தான் 2,03,000 ஆண்டுக்கு ஒருமுறைகூட இப்படித் தற்செயலாக வராது என்ற முடிவுக்கு வந்தார்கள். தரவும் கருவிகளும் இலவசமாகக் கையில் இருப்பதால், முனைந்தால் இதை நீங்களும் செய்யலாம். 32 நொடிக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

பட்டியல் பக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே நிகழ்வுக்குப் பல பதிப்பு. முதல் கட்டுரையில் 36, 29 என்றிருந்த நிறைகள் முதல் தொகுப்புப் பட்டியலில் 35.6, 30.6. இரண்டுமே தப்பில்லை, கணிப்பு முறை மேம்பட்டிருக்கிறது. ஆனால் நிரலிலிருந்தே தரவு கேட்கும் ஏ.பி.ஐ. வழியாகப் பதிப்பைக் குறிப்பிடாமல் எடுத்தால் இன்று ஒரு மதிப்பு, அடுத்த வருடம் வேறு மதிப்பு. ஆய்வேடு எழுதுகிறவர்கள் பதிப்பு எண்ணைக் கட்டாயம் குறித்துவையுங்கள். 'உறுதி', 'விளிம்பு' என்ற பிரிவையும் கவனியுங்கள். பெயர் இருப்பதால் மட்டும் எல்லாம் சம நம்பிக்கை உடையவை அல்ல.

குறைகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு லைகோ கருவியிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட துணைச் சேனல்கள் பதிவாகின்றன: நில அதிர்வு, ஒலி, காந்தப்புலம், லேசர் நிலை, இன்னும் என்னென்னவோ. கிளிட்ச் ஏன் வந்தது என்று அறிய அவைதான் சாட்சி. பொதுவெளியில் கிடைப்பது அதில் மிகச் சிறிய துளி. 2017 ஆகஸ்ட் 14 நிகழ்வைச் சுற்றிய மூன்று மணி நேரத் தொகுப்பு அதில் ஒன்று. கருவியின் நோய் பார்க்க விரும்புகிறவருக்கு இந்தக் கடையில் போதுமான சரக்கு இல்லை. தரவு வெளிவரும் தாமதமும் உண்டு. 2024 ஜனவரியில் முடிந்த ஓ4 முதல் பகுதி 2025 ஆகஸ்டில்தான் கிடைத்தது. சுடச்சுட வேண்டுமானால் அறிவிப்பு மட்டும் பொதுவில் வரும், அலைத் தரவு வராது. தளத்தின் பெயர் ஒருமுறையும் முகவரி இரண்டு முறையும் மாறியிருப்பதால் பழைய பாடங்களிலும் நிரல்களிலும் 'லாஸ்க்' என்ற பழைய பெயரே கிடக்கிறது. பைத்தான் பதிப்பு ஏற ஏற அந்த நோட்புக்குகள் ஒவ்வொன்றாக உடைகின்றன. 2018-இலிருந்து நடத்திவரும் திறந்த தரவுப் பட்டறையின் புதிய நோட்புக்குகளிலிருந்து தொடங்குவது உத்தமம். விரிவுரைக் காணொளிகளும் பயிற்சிகளும் இலவசம். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

நிரலே எழுத வராதவர்களுக்கு இந்தக் கிடங்கு உதவாது. அவர்கள் ஜூனிவர்ஸ் தளத்தின் கிராவிட்டி ஸ்பை பக்கம் போகலாம். அங்கே கிளிட்ச் படங்களை வகைபிரித்துக் கொடுத்தால் போதும். 'கோய் மீன்', 'விசில்' என்று பெயர்களே சுவாரசியம். ஒரு வாரம் அதைச் செய்தவருக்குக் கியூ-மாற்றப் படம் படிக்கும் கண் வந்துவிடும். நிரல் தெரிந்தவர்களுக்கும் இது வீண் போகாது.

வாங்கும் வரிசை என்று ஒன்று சொல்லவேண்டுமானால்: முதலில் 2015 செப்டம்பர் 14, ஹான்ஃபோர்டு, 32 நொடி. அது கைக்கு வந்ததும் 2017 ஆகஸ்ட் 17, மூன்று நிலையமும், கிளிட்ச் உள்ளதும் இல்லாததும். பிறகு 2025 ஜனவரி 14-இன் நிகழ்வு, எஸ்.என்.ஆர். 80-ஐத் தொட்ட பலம் அதற்கு. 2019 மே 21-ஐ மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். 0.1 நொடி, 60 ஹெர்ட்ஸை ஒட்டி நாலே சுற்று. மின்சார ஊசி அதே அதிர்வெண்ணில் நிற்கிறது, உருவமோ கிட்டத்தட்ட பிளிப். இரண்டு நிலையத் தரவையும் எடுத்து, வெளுத்து, கை-வர்க்கம் போட்டுப் பார்க்கும் வரை அதையும் கிளிட்ச்சையும் கண்ணால் பிரிக்க முடியாது.